பின்வாங்குதலுக்கு ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்?

வாசகர் கேள்வி: குளச்சலுக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ‘கடல் பின்வாங்கியது’, ‘எதிரிப்படை பின்வாங்கியது’, ‘அரசு தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது’ என்று மூன்று வாக்கியங்கள் கொடுத்தேன். ஒரு மாணவன் மூன்றுக்கும் ‘ரிசீட்’ என்ற வினைச்சொல்லையே எழுதியிருந்தான். முதலாவதற்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் அடித்தேன். அவன் தன் அகராதியைக் கொண்டுவந்து காட்டினான். ‘ரிசீட்’, ‘ரிட்ரீட்’, ‘வித்ட்ரா’ மூன்றுக்கும் ‘பின்வாங்கு’ என்றே அதில் பொருள் தரப்பட்டிருக்கிறது. தவறு என்று எனக்குத் தெரிகிறது; ஏன் தவறு என்று விளக்கத் தெரியவில்லை. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதன் சரியான பொருள்கள் என்னென்ன, ‘ப்ரொசீட்’ என்பதன் எழுத்தமைப்பும் இதன் எழுத்தமைப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கினால் வகுப்பில் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில்:

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் மதிப்பெண் இட்ட முறை சரியானது. மாணவன் கேட்ட கேள்வியும் நியாயமானது. கையடக்க அகராதிகள் இடநெருக்கடியால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பொருள் தந்துவிடுகின்றன. அந்த ஒற்றைச் சொல்லை நம்பி வாக்கியம் அமைக்கும் மாணவன் தடுமாறுவது இயல்பு. அகராதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் வாதாட வந்த அந்தப் பிள்ளையை முதலில் பாராட்டுங்கள். நாகர்கோவிலில் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிக் கேட்கிறவர்களே பின்னாளில் நல்ல மொழிபெயர்ப்பாளர்களாக வருகிறார்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். நம் ஊரில் கடைக்காரர் தரும் ரசீதையும் ‘ரிசீட்’ என்றே சொல்கிறோம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ரசீதைக் குறிக்கும் சொல் வல்லொலியில் சட்டென்று முடியும். நாம் பேசும் வினைச்சொல்லில் ‘சீ’ சற்று நீண்டு, ‘வண்டி’ என்னும்போது ஒலிக்கும் மெலிந்த டகரத்தில் முடியும். அதன் எழுத்துகள் ஆர், இ, சி, இ, டி, இ என்ற ஆறும்தான். இனி இந்தக் கடிதத்தில் ‘ரிசீட்’ என்று நான் எழுதும் இடமெல்லாம் இந்த வினையையே குறிக்கும்.

இதன் தாய்வீடு லத்தீன். ‘கேதெரே’ என்ற லத்தீன் வினைக்குச் செல்லுதல், இடம்விட்டு அகலுதல், விட்டுக்கொடுத்தல் ஆகிய பொருள்கள் உண்டு. அதன் முன்னால் ‘திரும்ப, பின்னோக்கி’ என்று பொருள்படும் ‘ரி’ சேர்ந்து ‘ரிகேதெரே’ ஆயிற்று. ஆங்கிலத்துக்கு இச்சொல் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. ‘வித்ட்ரா’ 13ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. ‘ரிட்ரீட்’ 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக நுழைந்தது. ஆக மூன்றனுள் ‘ரிசீட்’டே இளையது. போர்க்களத்திலும் அன்றாடப் பேச்சிலும் பழகிய இரண்டு சொற்கள் ஏற்கெனவே இருந்த இடத்துக்குப் படித்தவர்களின் ஏட்டுச் சொல்லாக அது வந்தது. இன்றும் அதனிடம் ஏட்டுச் சொல்லுக்குரிய விறைப்பு கொஞ்சம் இருப்பதற்கு இந்த வரலாறே காரணம் என்று கருதுகிறேன்.

‘கேதெரே’யின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். முன்னோக்கிச் செல்வது ‘ப்ரொசீட்’, எல்லை தாண்டிச் செல்வது ‘எக்ஸீட்’, ஒருவருக்கு அடுத்து வருவது ‘சக்ஸீட்’, முன்னால் வருவது ‘ப்ரிசீட்’, கூட்டமைப்பிலிருந்து பிரிந்து செல்வது ‘செசீட்’, இருவருக்கு இடையில் சென்று பரிந்து பேசுவது ‘இன்டர்சீட்’, வாதத்தில் விட்டுக்கொடுப்பது ‘கன்சீட்’. முன்னோரைக் குறிக்கும் ‘ஆன்செஸ்டர்’கூட, ‘முன்னே சென்றவர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. ‘அவசியமான’ என்று பொருள்படும் ‘நெசசரி’யும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, விலக்க முடியாததே அவசியமானது என்ற கருத்தில் பிறந்தது என்று சொற்பிறப்பியல் அகராதிகள் விளக்கம் தருகின்றன. கரும்பலகையின் நடுவில் ‘சீட்’ என்று எழுதி, அதைச் சுற்றி இந்த முன்னொட்டுகளை ஒவ்வொன்றாக மாணவர்களையே எழுதச் செய்யுங்கள். ஒரே பாடவேளையில் பத்துச் சொற்கள் அவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.

விட்டுக்கொடுத்தல் என்ற கிளைப்பொருளுக்கு நம் தென்னிந்திய வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் 1800இல் பெல்லாரி, கடப்பை, அனந்தபூர் பகுதிகளை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அவற்றுக்குச் ‘சீடட் மாவட்டங்கள்’ என்ற பெயர் நிலைத்தது. ராயலசீமைப் பகுதியை இன்றும் திரைப்பட விநியோகஸ்தர்கள் ‘சீடட்’ என்றே அழைக்கிறார்கள். இங்கே ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். பெற்ற நிலத்தை மீண்டும் முந்தைய உரிமையாளருக்கே விட்டுக்கொடுப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘ரீ-சீட்’ என்ற வினை உண்டு. முதல் எழுத்தை நீட்டி, நடுவில் சிறுகோடு இட்டு எழுதப்படும் அது, பிற்காலத்தில் தனியாகப் பிறந்த, அரிதாக வழங்கும் சொல். மாணவர்களுக்கு அதைக் கற்பிக்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றா என்று யாரேனும் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல உதவும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

இனி பொருளுக்கு வருவோம். ‘ரிசீட்’ என்ற வினையின் உயிர்நிலை, நகர்வதைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பொருள் இருந்த இடத்திலிருந்தோ, எட்டியிருந்த எல்லையிலிருந்தோ, பார்ப்பவனிடமிருந்தோ மெல்ல மெல்ல அகன்று போவதை அது சொல்கிறது. அகலும் பொருளுக்கு விருப்பம், திட்டம், அச்சம் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லப்போனால் அந்தப் பொருள் உண்மையில் நகரவே வேண்டியதில்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையிலிருந்து படகில் திரும்பும்போது, அருகிலுள்ள பாறையில் நிற்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை சிறிது சிறிதாகச் சிறுத்துக்கொண்டே விலகுவதைப் பார்க்கலாம். சிலை 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பட்ட இடத்திலேயே அசையாமல் நிற்கிறது. நகர்வது நம் படகுதான். ஆனாலும் படகிலிருந்து பார்க்கும் ஆங்கிலேயர் ‘சிலை ரிசீட் ஆகிறது’ என்று எழுதலாம், அது பிழையில்லாத ஆங்கிலம். ‘சிலை ரிட்ரீட் செய்கிறது’ என்று எழுதினால் சிலைக்குக் கால் முளைத்துவிடும்.

வானியலார் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதே இயல்புதான் காரணமாக இருக்க வேண்டும். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகிச் செல்கின்றன என்பதையும், தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதையும் எட்வின் ஹபிள் 1929இல் வெளியிட்டார். அந்த வேகத்துக்கு, ‘ரிசீட்’டின் பெயர்ச்சொல் வடிவத்தைக் கொண்டு, ஆங்கிலத்தில் ‘ரிசெஷன்’ வேகம் என்று பெயர். அந்த மண்டலங்கள் நம்மை வெறுத்து ஓடவில்லை. எந்த மண்டலத்தில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகுவதாகவே தோன்றும். பார்ப்பவனின் இடத்திலிருந்து அளக்கப்படும் விலகலைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான வினை ஆங்கிலத்தில் இல்லை.

‘ரிட்ரீட்’ வேறு வேரிலிருந்து முளைத்தது. லத்தீனில் ‘த்ராஹெரே’ என்றால் இழுத்தல். உழவுக்குப் பயன்படும் டிராக்டர், கவரும் ‘அட்ராக்ட்’, பிழிந்தெடுக்கும் ‘எக்ஸ்ட்ராக்ட்’ எல்லாம் அந்த இழுத்தலின் வழிவந்தவை. பின்னுக்கு இழுக்கப்படுவது என்ற பொருளில் பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்த ‘ரிட்ரீட்’ தொடக்கத்திலிருந்தே படைவீரர்களின் சொல்லாக இருந்திருக்கிறது. தளபதி முரசோ எக்காளமோ ஒலிக்கச் செய்து தன் படையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதே அதன் மூலக் காட்சி. குடியரசு நாள் விழாக்களின் நிறைவாக ஜனவரி 29ஆம் நாள் தில்லியில் நடக்கும் ‘பீட்டிங் ரிட்ரீட்’ நிகழ்ச்சி அந்தப் பழைய முரசொலியின் எச்சம். ஆகவே ‘ரிட்ரீட்’ செய்பவருக்கு ஒரு மனம் உண்டு. எதிரில் ஓர் ஆபத்தோ, எதிரியோ, குறைந்தபட்சம் ஓர் இரைச்சலோ உண்டு. நம் மாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் ‘தியானம்’ என்று நடத்தப்படுவதை ஆங்கிலத்தில் ‘ரிட்ரீட்’ என்று சொல்வதையும் மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள். உலக ஆரவாரத்திலிருந்து விரும்பி ஒதுங்குவது என்ற கருத்து அதில் இருக்கிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்தே ஒரு வரலாற்று எடுத்துக்காட்டு தரலாம். 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மரின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். அவர்களுடைய தளபதி டிலனாய் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளிக்கும் பொறுப்பை ஏற்றார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அந்தப் போரை ஆங்கிலத்தில் எழுதும் மாணவன், டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள் என்பதற்குச் ‘சரண்டர்’ என்று எழுத வேண்டும். சரணடைவதற்குப் பதில் அவர்கள் கப்பலேறித் தப்பியிருந்தால் ‘ரிட்ரீட்’ பொருந்தியிருக்கும். எந்த நிலையிலும் அந்தப் படைக்கு ‘ரிசீட்’ பொருந்தாது. ஒரு படை ரிசீட் ஆனது என்றால், மலைமேல் நின்று பார்க்கும் ஒருவனின் கண்ணுக்கு அது தொலைவில் தேய்ந்து மறைந்தது என்பதுதான் பொருளாகும். தோல்வியோ ஆணையோ அதில் தொனிக்காது.

‘வித்ட்ரா’ முழுக்க முழுக்க ஆங்கில மண்ணின் சொல். அதன் பின்பகுதியான ‘ட்ரா’ இழுத்தல். முன்பகுதியான ‘வித்’ இன்று ‘உடன்’ என்று பொருள் தருவதால் மாணவர்கள் குழம்புவார்கள். பழைய ஆங்கிலத்தில் அது ‘எதிராக’ என்று பொருள்பட்டது, விலக்கத்தையும் குறித்தது. எதிர்த்து நிற்பதைச் சொல்லும் ‘வித்ஸ்டாண்ட்’, கொடுக்காமல் பிடித்துவைப்பதைச் சொல்லும் ‘வித்ஹோல்ட்’ இரண்டிலும் அந்தப் பழம்பொருள் உறைந்து கிடக்கிறது. ஆக, ‘வித்ட்ரா’ என்றால் அப்பால் இழுத்துக்கொள்ளுதல். இழுப்பவர் ஒருவர், இழுக்கப்படுவது ஒன்று. அதனால்தான் அது செயப்படுபொருளை இயல்பாக ஏற்கிறது: வங்கியிலிருந்து பணத்தை வித்ட்ரா செய்யலாம், வேட்புமனுவை வித்ட்ரா செய்யலாம், அரசு தன் உத்தரவை வித்ட்ரா செய்யலாம். செயப்படுபொருள் இல்லாமலும் அது வரும். படைகள் வித்ட்ரா செய்தன என்று எழுதுவதுண்டு. ‘ரிசீட்’ அப்படியில்லை. அது தானே நிகழும் வினை, செயப்படுபொருளை ஏற்காது. கடல் ரிசீட் ஆகும். கடலை யாரும் ரிசீட் செய்ய முடியாது. உங்கள் மாணவனின் மூன்றாவது வாக்கியம் இலக்கணத்தின்படியே நிற்காததற்கு இதுவே காரணம். மதிப்பெண் குறைத்ததற்கு இந்த ஒரு விளக்கம் போதும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இருக்கும் நமக்கு, ‘ரிட்ரீட்’டும் ‘வித்ட்ரா’வும் ஒரே நிகழ்ச்சிக்கு வழங்குவதைப் பார்க்க ஆண்டுதோறும் வாய்ப்பு உண்டு. தென்மேற்குப் பருவமழை முடிவதை வானிலை ஆய்வுத் துறை ‘வித்ட்ராயல்’ என்று அறிவிக்கிறது. மேற்கு ராஜஸ்தானில் செப்டம்பர் 17ஐ ஒட்டித் தொடங்கி, அக்டோபர் 15ஐ ஒட்டி நாடு முழுவதும் நிறைவுறுவது இயல்பான கணக்கு. புவியியல் பாடநூல்கள் அதே காலத்தை ‘ரிட்ரீட்டிங் மான்சூன்’ என்கின்றன. இரண்டுமே பருவக்காற்றை, படையெடுத்து வந்து திரும்பும் சேனையாகக் கற்பனை செய்கின்றன. ‘அட்வான்ஸ்’, ‘ஆன்செட்’ என்று வருகைக்கும் படைமொழியே பயன்படுவதைக் கவனியுங்கள். வருகையைப் படையின் முன்னேற்றமாகச் சொன்ன பிறகு போவதையும் படைமொழியில் சொல்வதே பொருத்தம் என்பதால், மழைக்காலத்துக்கு ‘ரிசீட்’ அவ்வளவாக வழங்குவதில்லை.

இப்போது நம் தமிழ்ச் சொல்லைப் பார்க்கலாம், ஏனெனில் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ‘பின்வாங்கு’ என்பதில் உள்ள ‘வாங்கு’ கடையில் பொருள் வாங்குவது மட்டுமன்று. பழந்தமிழில் அதற்கு இழுத்தல், வளைத்தல் என்ற பொருள்களும் உண்டு. வில்லை நாணோடு இழுத்து வளைப்பதை ‘வில் வாங்குதல்’ என்று இலக்கியங்கள் சொல்லும். அப்படிப் பார்த்தால் ‘பின்வாங்கு’ என்பது பின்னுக்கு இழுத்துக்கொள்வது. லத்தீனின் ‘த்ராஹெரே’யிலும் ஆங்கிலத்தின் ‘ட்ரா’விலும் உள்ள அதே இழுப்புதான் அதிலும் இருக்கிறது. ‘ரிட்ரீட்’டுக்கும் ‘வித்ட்ரா’வுக்கும் அது உடன்பிறந்த சொல்போல அமைந்துவிட்டது. ‘ரிசீட்’டுக்கு நெருக்கமான தமிழ் வினைகள் வேறு: விலகு, அகல், ஒதுங்கு, வடி, தேய், மங்கு. எது விலகுகிறதோ அதைப் பொறுத்து இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அகராதி ‘பின்வாங்கு’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டதால் இந்த வேறுபாடு மறைந்துபோயிற்று.

இங்கே நீங்கள் கேட்கக்கூடும்: அப்படியானால் ‘கடல் பின்வாங்கியது’ என்ற முதல் வாக்கியம் மட்டும் எப்படிச் சரியாயிற்று? தமிழ் கடலை உயிருள்ளதாகப் பாவிக்கிறது என்பதே விடை. ‘கடல் உள்வாங்கியது’ என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. நீர்மட்டம் தாழ்ந்து, அடியிலுள்ள பாறைகள் வெளியே தெரிந்து, பாறை நினைவகத்துக்கான படகுப் போக்குவரத்தை நிறுத்திவைத்தார்கள் என்ற செய்தியைக் கன்னியாகுமரியிலிருந்து அவ்வப்போது படிக்கிறோம். அச்செய்தியில் கடல் தன் நீரைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆங்கிலம் அதே காட்சியை எந்த மனமும் ஏற்றாமல், நீர் கரையிலிருந்து அகன்றது என்ற அளவில் ‘ரிசீட்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். இரண்டு மொழிகளும் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு விதமாகக் கண்டு சொல்கின்றன. மொழிபெயர்ப்பாளன் நிகழ்ச்சியை மனத்தில் கண்டு எழுதினால் சொல் தானாகக் கிடைக்கும்.

கடற்கரை மாணவர்களுக்கு இந்த வினையை மிகுந்த கவனத்தோடு கற்பிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘கடல் ரிசீட் ஆனது’ என்றால் நீர் கரையைவிட்டு மேற்கே அல்லது தெற்கே ஆழத்தை நோக்கிப் போயிற்று. ‘கரைக்கோடு ரிசீட் ஆனது’ என்றால் நிகழ்ச்சி நேர்மாறானது: கடல் ஊருக்குள் ஏறி, மணல் கரைந்து, கரை நிலத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. முதலாவது சில மணி நேரத்தில் மாறக்கூடியது; இரண்டாவது வீடுகளையும் சாலையையும் கொண்டுபோவது. வள்ளவிளை போன்ற ஊர்களில் கடலரிப்பைப் பற்றியும் அதைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவுகளைப் பற்றியும் ஆங்கிலத்தில் மனு எழுதுபவர்களும் அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்களும் இந்த இடத்தில் தவறினால், பாதிக்கப்பட்டவர்களின் நிலை தலைகீழாகிவிடும். கரைக்கோட்டின் ‘ரிசெஷன்’ என்பதைத் தமிழில் ‘கடல் பின்வாங்கல்’ என்று எழுதிவிட்டால், கடல் நிலத்தைத் திருப்பித் தந்துவிட்டது என்றே படிப்பவர் நினைப்பார். ‘கரை அரிக்கப்பட்டு நிலப்பக்கம் நகர்ந்தது’ என்று நீட்டி எழுதுவதே நல்லது. சுருக்கத்தைவிடத் தெளிவுதான் இங்கே முக்கியம்.

ஆழிப்பேரலையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய பெயர்களைக் கேட்டவுடன் நெஞ்சு கனக்கிறது. பேரலையின் உச்சிக்கு முன்னதாக அதன் தாழ்பகுதி கரையை எட்டினால், நீர் வழக்கத்துக்கு மாறாக வெகுதூரம் அகன்று கடலடி வெளித்தெரியும். அந்த அகலுதலுக்கு ஆங்கில நூல்களில் ‘ரிசீட்’டும் ‘ட்ராடவுன்’ என்ற சொல்லும் வழங்குகின்றன. திடீரென்று கடல் ரிசீட் ஆவதைக் கண்டால் வேடிக்கை பார்க்க இறங்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பது பேரிடர்க் கல்வியின் முதல் பாடங்களில் ஒன்று. ஆனால் எல்லாப் பேரலைகளும் அப்படி முன்னறிவிப்புத் தந்துவிட்டு வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். அன்றாட ஓதத்தின் இறக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘எப்’ என்ற தனிச்சொல் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் மிகுவதைக் கடற்கரைப் பிள்ளைகள் நம்மைவிட நன்கு அறிவார்கள். ‘எப்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லை அவர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள்.

நீரைவிட்டு மேலே வந்தால் ‘ரிசீட்’டின் பிற பயன்கள் தெரியும். குழித்துறையில் ஆற்று வெள்ளம் வடிந்தது என்பதற்கு ‘ரிசீட்’ பொருந்தும். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் இறங்கியது என்பதற்கு, மட்டம் என்பது உயரத்தின் அளவாதலால், ‘ஃபால்’, ‘ட்ராப்’ போன்ற சொற்களே இயல்பாக இருக்கும். நீரின் விளிம்பு அணைக்குள் ஒதுங்கிப் போயிற்று என்றால் மீண்டும் ‘ரிசீட்’. பல் மருத்துவர் சொல்லும் ‘கம் ரிசெஷன்’ என்பது பற்களின் வேர் தெரியும்படி ஈறு விலகுவது. நடுவயதில் முன்தலை முடி உதிர்வதை ஆங்கிலம் ‘ரிசீடிங் ஹேர்லைன்’ என்கிறது. தமிழில் அதே தலையைப் பார்த்து ‘நெற்றி ஏறிவிட்டது’ என்கிறோம். ஆங்கிலத்தில் முடி பின்னால் போகிறது, தமிழில் நெற்றி மேலே வருகிறது. மொழிபெயர்க்கும்போது முடியைப் பின்வாங்க வைக்க வேண்டிய தேவையே இல்லை.

கண்ணுக்குத் தெரியாதவையும் ரிசீட் ஆகும். காலடி ஓசை தேய்ந்து மறைவதற்கும், நினைவு மங்குவதற்கும், ஆபத்து நீங்குவதற்கும், நம்பிக்கை குறைவதற்கும் இச்சொல் பயன்படும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் கடலைக் கடந்த பிறகு, கரை திரும்பாதவர்களைப் பற்றிய நம்பிக்கை நாள்தோறும் மங்கியது என்ற தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்கும்போது ‘ஹோப் ரிசீடட்’ என்று எழுதலாம். ஒரேயடியாக இல்லாமல் போவதைச் சொல்லாமல், கண்ணெதிரே சிறிது சிறிதாக எட்டாத தூரத்துக்குப் போவதைச் சொல்லும் ஆற்றல் அந்தச் சொல்லுக்கு இருக்கிறது. ‘டிஸப்பியர்’ என்று எழுதினால் அந்த நாட்களின் காத்திருப்பு முழுவதும் விடுபட்டுப்போகும்.

நான் சொன்ன விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. மாணவன் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் நீங்கள் தடுமாறக் கூடாது. மனிதர்கள் தம் நிலைப்பாட்டிலிருந்தோ கோரிக்கையிலிருந்தோ இறங்கி வருவதற்கும் ‘ரிசீட்’ வழங்கியிருக்கிறது. இன்று இது அருகிவிட்ட, சட்ட மணம் வீசும் பயன்பாடு. அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓர் அவை, மற்ற அவையுடன் கொண்ட கருத்து வேறுபாட்டையோ தான் வலியுறுத்திய திருத்தத்தையோ கைவிடுவதற்கு இச்சொல்லே இன்றும் நடைமுறைச் சொல்லாக இருக்கிறது. அப்போதும் இலக்கணம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிலைப்பாட்டிலிருந்து ரிசீட் ஆவார்கள். நிலைப்பாட்டை ரிசீட் செய்ய மாட்டார்கள். ‘ஃப்ரம்’ என்ற முன்னிடைச்சொல் அங்கே கட்டாயம் வரும். ஆகவே உங்கள் மாணவன் ‘அரசு தன் நிலையிலிருந்து ரிசீட் ஆனது’ என்று எழுதியிருந்தால், பழமையான நடை என்று ஓரத்தில் குறித்துவிட்டுப் பாதி மதிப்பெண்ணாவது கொடுத்திருக்கலாம்.

பெயர்ச்சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பழைய வீடுகளின் சுவரில் விளக்கு வைக்கும் மாடக்குழிக்கு ‘ரிசெஸ்’ என்று பெயர். சுவர் அந்த இடத்தில் மட்டும் உள்ளொதுங்கியிருக்கிறது. நீதிமன்றமும் அவைகளும் பணியிலிருந்து ஒதுங்கும் இடைவேளையும் ‘ரிசெஸ்’தான். பொருளாதாரம் சுருங்குவதைக் குறிக்கும் ‘ரிசெஷன்’, ஹபிள் தம் ஆய்வை வெளியிட்ட அதே 1929ஐ ஒட்டி அப்பொருளில் வழக்குக்கு வந்தது. தமிழில் ‘பொருளாதார மந்தநிலை’ என்கிறோம். உயிரியல் பாடத்தில் வரும் ‘ரிசெஸிவ்’, அதாவது ஒடுங்கு பண்பு, 1866இல் வெளியான மெண்டலின் பட்டாணிச்செடி ஆய்வுக் கட்டுரையிலேயே ஜெர்மன் வடிவத்தில் இடம்பெற்றது. அடுத்த தலைமுறையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுங்கிநின்று, அதற்கடுத்த தலைமுறையில் மீண்டும் வெளிப்படும் பண்புக்கு ‘ஒதுங்குவது’ என்ற அந்தப் பெயர் மிகவும் பொருத்தமானது. உங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியரோடு சேர்ந்து இதை ஒரு பாடவேளையில் விளக்கினால் இரண்டு பாடங்களும் பயன்பெறும்.

எழுத்தமைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய ஆங்கில நூல்களில் இந்தக் குடும்பச் சொற்களின் எழுத்து நிலையாக இல்லை. ஒரே சொல்லை இரண்டு விதமாகவும் எழுதினார்கள். பின்னர் வழக்கு நிலைத்தபோது ‘ப்ரொசீட்’, ‘எக்ஸீட்’, ‘சக்ஸீட்’ ஆகிய மூன்று மட்டும் இரட்டை இ-யோடு டி-யில் முடியும்படி நின்றுவிட்டன. ‘ரிசீட்’ உள்ளிட்ட மற்றவை சி, இ, டி, இ என்று முடிகின்றன. பொருள் சார்ந்த காரணம் எதுவும் இதற்கு இல்லை, மூன்றையும் மனப்பாடம் செய்வதே வழி. ‘ப்ரொசீஜர்’ என்ற பெயர்ச்சொல்லில் இரட்டை இ மறைந்துவிடுவதையும் எச்சரியுங்கள். ‘சூப்பர்சீட்’ இந்தக் குடும்பமே இல்லை. உட்காருதலைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்ததால் அதில் சி-க்குப் பதில் எஸ் வரும்.

மாணவனின் விடைத்தாளுக்குத் திரும்பினால், முதல் வாக்கியத்துக்கு ‘ரிசீட்’ அப்படியே இருக்கட்டும். இரண்டாவதற்கு ‘ரிட்ரீட்’ என்று திருத்துங்கள். தலைமையின் ஆணைப்படி ஒழுங்காக வெளியேறியது என்று சூழல் காட்டினால் ‘வித்ட்ரா’வும் ஏற்கத்தக்கது. மூன்றாவதற்கு ‘வித்ட்ரா’வே சரி, நீதிமன்றமோ மேலதிகாரியோ உத்தரவை நீக்கியிருந்தால் வினை வேறாகும், ஆனால் உங்கள் வாக்கியத்தில் உத்தரவிட்ட அரசே திரும்பப் பெறுகிறது. அடுத்த பயிற்சியில் ‘வெள்ளம் வடிந்தது’, ‘அவனுக்கு நெற்றி ஏறிவிட்டது’, ‘கடலரிப்பால் கரை நகர்ந்தது’, ‘வேட்பாளர் மனுவை வாபஸ் பெற்றார்’, ‘கரையிலிருந்தவர்களின் குரல் தேய்ந்தது’ என்ற ஐந்தையும் கொடுத்துப் பாருங்கள். நான்காவதைத் தவிர மற்ற நான்கிற்கும் ‘ரிசீட்’ பொருந்தும். தமிழில் ஒன்றில்கூட ‘பின்வாங்கு’ இல்லை என்பதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்லும்படி விட்டுவிடுங்கள்.